முதலில் பால்குடி மறக்கட்டும்



கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் கழுத்தில் கட்டி. தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடித்து ஆபரேஷனும் செய்துவிட்டார்கள். அடுத்து கதிரியக்க அயோடின் மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு முன் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்கிறார் டாக்டர். “பச்சைப் பிள்ளையின் வயிற்றில் அடிப்பதா?” என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். அவளோ, இரவில் மட்டும் யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாள். உங்கள் வீட்டில் இப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்காகப் பால்குடியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பின்னர் தினமும் விழுங்கும் தைராக்சின் மாத்திரையாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. எல்லா நோயாளிகளுக்கும் அயோடின் மருந்து தேவைப்படுவதுமில்லை. அது தேவை என்று டாக்டர் முடிவு செய்தால்தான் பாலை நிறுத்த வேண்டும்.

ஏன்? நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினைத் தைராய்டு சுரப்பி இழுத்துக்கொள்ளும். இந்தக் குணத்தைக் கொண்டே 1941இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ், தைராய்டு மிகையாகச் சுரந்த நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். சில ஆண்டுகளில் அது புற்றுநோய்க்கும் மருந்தாயிற்று. நம் ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரியிலும் இத்தகைய சிகிச்சைகளுக்கென அணு மருத்துவப் பிரிவு உண்டு.

ஆனால் பால் சுரக்கும் மார்பும் அயோடினை இழுக்கும். பிள்ளைக்குத் தேவையென்று பாலில் சேர்க்கும். மருந்து அயோடினும் அப்படியே பாலில் இறங்கிவிடும். அதைக் குடிக்கும் பிள்ளையின் தைராய்டு கெட்டுப்போனால், உடல் வளர்ச்சியும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க நேரலாம். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. அதை மேய்ந்த மாடுகளின் பாலைக் குடித்த பிள்ளைகள் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

“சில நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டால் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. அந்த அயோடினின் வீரியம் பாதியாகக் குறையவே 8 நாள் ஆகும். தாயின் மார்பிலும் வீணாகக் கதிர் தங்கும். ஆகவே மருந்துக்குக் குறைந்தது 6 வாரம் முன்பே பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். 3 மாதம் வேண்டும் என்னும் மருத்துவர்களும் உண்டு. தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை; எனவே எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதை டாக்டரே கணித்துச் சொல்வார்.

எப்படி நிறுத்துவது? ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரும். சில நாட்களுக்கு ஒரு வேளையாகக் குறைத்து வாருங்கள். மார்பில் மல்லிகைப்பூ கட்டும் நம் பாட்டிமாரின் வழக்கத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களே சோதித்து, பால் வற்ற அது உதவுகிறது என்று 1988இல் எழுதியிருக்கிறார்கள். எனினும் பூவை மட்டும் நம்பியிராமல் டாக்டரைக் கேளுங்கள். பால் வற்ற மாத்திரையும் உண்டு.

ஒரு வயது நிறையாத பிள்ளைக்குக் கிளினிக்கில் கேட்டுக் குழந்தைப் பால்மாவு வாங்கிக் கொடுங்கள். தேநீரில் ஊற்றும் இனிப்பு டின்பால் ஆகவே ஆகாது. 1939இலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் இதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார்.

மருந்து உட்கொண்ட தாயை ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைப்பார்கள். வீடு திரும்பிய பின்னும், அவர்கள் சொல்லும் நாள்வரை பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் தாய்ப்பால் கொடுக்கவும் கூடாது. ஆனால் அடுத்த பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன், கருத்தரிக்க 6 மாதமோ ஓராண்டோ டாக்டர் சொல்கிறபடி பொறுத்திருங்கள்.

மாமியார்மார்களே, கணவன்மார்களே! பிள்ளை அழும் அந்த இரவுகளில் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், புட்டிப்பாலை நீங்கள் கொடுங்கள். தாய்மார்களே! இன்னும் பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்தைச் சில வாரம் தள்ளிப்போடலாம். பிள்ளையின் தைராய்டு கெட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.