காய்ச்சல் வேறு, வெயில் சூடு வேறு

உட்காருங்கள், அலிபிரியில் படி ஏறுமுன் ஒரு டீ குடிக்கலாம். இங்கிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். கத்திரி நாட்களில் திருப்பதி, சித்தூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போதும் ஆரோக்கியமான ஒருவர் நிதானமாக ஏறினால், உடம்பின் உள்சூடு 37, 38 டிகிரி அளவிலேயே நிற்கும். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

இதைக் கவனித்துக்கொள்வது ஹைப்போதலாமஸ். மூளையின் அடிப்பக்கம், இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மூளையின் எடை சுமார் 1,300 கிராம் என்றால், இது வெறும் 4 கிராம். கீழே ஒரு சிறு காம்பில் பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. பசி, தூக்கம், பருவமடைதல், தாய்ப்பால் சுரப்பு என்று இதன் பொறுப்புகள் ஏராளம். படியேறப் போகிற உங்களுக்கு வேண்டியவை சூடும் தாகமும்தான்.

ஹைப்போதலாமஸின் முன்பகுதி, தன் வழியாக ஓடும் ரத்தத்தின் சூட்டைத் தானே உணரும். தோலிலிருந்தும் அதற்குத் தகவல் வரும். சூடு ஏறினால் தோலின் ரத்தக்குழாய்களை விரியச் செய்து, வியர்க்க வைக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் சொட்டிப்போகும் வியர்வையால் பயனில்லை. அதனால்தான் புழுக்க நாள் வறண்ட வெயிலைவிட ஆபத்தானது.

வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பின் செறிவு கூடும். நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கூடினாலே ஹைப்போதலாமஸ் தாகத்தைக் கிளப்பும். வாசோபிரெசின் என்ற ஹார்மோனை பிட்யூட்டரி வழியாக அனுப்பி, தண்ணீரை விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். வழியில் முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்து ஏற்றத்துக்குப் போகும்போது சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால், நீங்கள் தண்ணீர் குடித்தது போதவில்லை. வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கிருமி தாக்கும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகி, ஹைப்போதலாமஸ் காக்க வேண்டிய சூட்டின் அளவையே உயர்த்திவிடுகிறது. 37-க்குப் பதில் 39 என்று அது தீர்மானிக்கிறது. அதை எட்டத்தான் குளிர்நடுக்கம். பாரசிட்டமால் அந்தப் பொருளைக் குறைப்பதால் காய்ச்சல் இறங்குகிறது. வெயில் தாக்கி விழுந்தவரின் நிலை வேறு. ஹைப்போதலாமஸ் 37-க்குத்தான் பாடுபடுகிறது. உடம்பால் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. தெலுங்கில் வடதெப்ப என்பார்களே, அதற்கு பாரசிட்டமால் உதவாது. கல்லீரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் நேரத்தில் அது கெடுதலும் செய்யலாம்.

எனவே கூட வருபவர் வெயிலில் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ மாத்திரை தேடாதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள், துணியைத் தளர்த்துங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.