விருந்தினர் குதிரையேறினால் பொறுப்பு யாருடையது?



பெருநாள் விடுமுறையில் உறவினர் ஒருவரின் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு செல்கிறோம். அங்கே லாயத்தில் ஒரு குதிரை நிற்கிறது. "வாப்பா, நானும் ஏறட்டுமா?" என்று பிள்ளை கேட்கிறது. தோட்டக்காரர் மறுப்பதில்லை, சேணத்தைப் பூட்டிப் பிள்ளையைத் தூக்கி அமர்த்திவிடுகிறார். அவர் கட்டணம் எதுவும் பெறவில்லை, விருந்தோம்பலாகவே செய்தார். எனினும் பிள்ளை விழுந்து கை முறிந்துவிட்டால், அச்செலவு யாரைச் சாரும்? நுவரெலியாவில் கிரெகரி வாவிக் கரையில் கூலிக்கு ஏற்றும் மட்டக்குதிரைகளைக் குறித்துப் பெற்றோர் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. சொந்தக் காணியில் ஏறும்போது மட்டும் எவரும் கேட்பதில்லை.

குதிரை வெருளும் சுபாவமுடைய பிராணி. ஆபத்தைக் கண்டால் எதிர்த்து நிற்பதை விட ஓடுவதே அதன் இயல்பு. காற்றில் படபடக்கும் ஒரு பொலித்தீன் பை போதும், சாதுவான குதிரையும் ஒருபுறம் துள்ளிவிடும். தன் வாலுக்கு நேர் பின்னே நிற்பவரை அதனால் காண முடியாது. ஆகவே பின்புறமாக வருபவரை உதைத்துவிடுகிறது. வளர்ந்த குதிரையொன்று நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ளது. இவற்றையெல்லாம் வளர்ப்பவர் அறிவார். முதன்முறை ஏறும் விருந்தாளியோ அறியமாட்டார். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இந்த இடத்திலேயே தொடங்குகிறது.

வாயற்ற பிராணி தானாக விளைவித்த காயத்துக்கு நட்டஈடு இல்லை என்ற கருத்துடைய ஹதீஸ், அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சிலர் இதனை மட்டும் எடுத்துக்கொண்டு, "குதிரை செய்ததற்கு நான் என்ன செய்வேன்?" என்று கைவிரிப்பார்கள். சட்ட அறிஞர்களோ அவ்வாறு விளங்கிக்கொள்ளவில்லை. பிராணியோடு எவரும் இல்லாத நிலைக்குரியதாகவே அதனைக் கொண்டார்கள். நம் நாட்டில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் என்னும் நூல் இதனைத் தெளிவாக்குகிறது: பிராணியோடு இருப்பவர், அது அழிக்கும் உயிருக்கும் பொருளுக்கும் இரவிலும் பகலிலும் பொறுப்பாளியாவார்.

அதே நூலில் இரண்டு சட்டங்கள் நம் விடயத்துக்கு மிக நெருக்கமானவை. ஒன்று பூனையைப் பற்றியது. ஒரு பூனை பறவையையோ உணவையோ நாசம் செய்தால், அது அப்படிச் செய்யும் வழக்கமுடையது என்று அறியப்பட்டிருந்தால் மட்டுமே உரிமையாளர் பொறுப்பாவார். மற்றொன்று கிணற்றைப் பற்றியது. தன் வீட்டு நடையில் கிணறு தோண்டிவிட்டு ஒருவரை விருந்துக்கு அழைத்து, அவர் அதில் விழுந்தால், வலுவான கருத்தின்படி அழைத்தவரே பொறுப்பாளி. கிணறு இருப்பதை அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தால் சட்டம் வேறு என்று விளக்கவுரையாளர்கள் கூறுவர். தன் நிலத்தில் தோண்டியதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அழைக்கப்பட்டவர் அறியாததை அழைத்தவர் அறிந்திருந்தார் என்பதே கவனிக்கப்பட்டது.

உலகியல் சட்டமும் ஏறத்தாழ இவ்விடத்துக்கே வந்து சேர்கிறது. குதிரைச் சவாரி பரவலாகவுள்ள இங்கிலாந்தில் 1971 ஆம் ஆண்டின் பிராணிகள் சட்டம் இதற்கென உள்ளது. குறிப்பிட்ட சூழ்நிலையில் ஒரு பிராணி வெளிப்படுத்தும் இயல்பை உரிமையாளர் அறிந்திருந்தால், கவனயீனம் இல்லாவிடினும் அவர் பொறுப்பாக நேரலாம். ஆபத்தைத் தெரிந்துகொண்டே ஏற்றவருக்கு மட்டும் நட்டஈடு இல்லை. 2007 இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், வீதியில் குதிரையோட்டிச் சென்ற 17 வயதுப் பயிலுனர், குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பின்சாய்ந்ததால் படுகாயமடைந்தார். லாயத்தாரிடம் கவனயீனம் காணப்படாதபோதும் அவருக்கு நட்டஈடு கிடைத்தது. 2008 இல் தீர்க்கப்பட்ட மற்றொரு வழக்கில், ஓட்டம் பிடிக்கும்போது முதுகை வளைத்துத் துள்ளும் குதிரை என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது; அது துள்ளிய பின்னரும் அனுபவமுள்ள அப்பெண் தொடர்ந்து சவாரி செய்தார்; விழுந்தபோது வழக்கில் தோற்றார். இவ்விரண்டையும் பெற்றோர் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. பின்னைய வழக்கில் உரிமையாளரைக் காத்தது முன்கூட்டிச் சொல்லிய சில வார்த்தைகளே.

இலங்கையில் இத்தகைய உரிமைக் கோரிக்கைகளுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். அதில் பிரதான கேள்வி, நியாயமான கவனம் எடுக்கப்பட்டதா என்பதுதான். ஆகவே கயிறு இற்ற சேணம், தளர்ந்த வயிற்றுப்பட்டி, தலைக்கவசமின்மை, பட்டாசு வெடிக்கும் நாளில் குதிரையை வெளியே கொண்டுவருதல் ஆகிய ஒவ்வொன்றும் உரிமையாளருக்கு எதிரான சாட்சியாகலாம்.

"என்ன நேர்ந்தாலும் நாம் பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டால் போதாதா? சவாரியைத் தொழிலாக நடத்துவோர் பலர் இதனையே நம்பியிருக்கிறார்கள். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் அந்த நம்பிக்கைக்கு இடந்தரவில்லை. தொழில் நடத்துவோர் தம் கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை அறிவித்தல் பலகையாலோ நிபந்தனையாலோ தட்டிக்கழிக்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் கையொப்பத்துக்கு இன்னும் குறைந்த பெறுமதியே உண்டு. பலகையில் "ஆபத்து" என்று பொதுவாக எழுதி வைப்பதை விட, "இது பின்னால் வருபவரை உதைக்கும்" என்று வாயால் சொல்வதே எச்சரிக்கையாகும்.

பிள்ளைகளை ஏற்றுவது தனி விடயம். காப்பாளரின் அனுமதியின்றி அந்நியர் ஒருவர் சிறுவனை வாகனப் பிராணியில் ஏற்றி, அது எதையேனும் சேதப்படுத்தினால், ஏற்றியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று ஷாபிஈ நூல்கள் கூறும். ஆகவே மாமாவாயினும் பக்கத்து வீட்டவராயினும் பிள்ளையின் தகப்பனாரிடமோ தாயாரிடமோ கேட்ட பின்னரே தூக்கி அமர்த்த வேண்டும். பெற்றோரும் அனுமதி கேட்கப்பட்டவுடன் தலையசைத்துவிடாமல், சில வினாக்களைத் தொடுக்கலாம்: இக்குதிரை எதற்கு வெருளும்? கடைசியாக யாரை, எப்போது விழுத்தியது? கடிவாளக் கயிற்றை நடந்துவந்து பிடிப்பவர் யார்? அங்கவடியில் கால் சிக்காதிருக்கப் பிள்ளை குதியுள்ள பாதணி அணிந்திருக்கிறதா? உரிமையாளர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொன்னால் ஏற்றலாம். மழுப்பினால், லாயத்துக்கு வெளியே நின்று புல்லூட்டிவிட்டுத் திரும்புவதிலும் பிள்ளைக்கு மகிழ்ச்சி உண்டு.