கோழிப்பண்ணைகளும் அரசின் கண்காணிப்பும்

நம் நாட்டில் கோழி வளர்ப்பு, வீட்டுக் கொல்லைகளைக் கடந்து பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, மொத்தம் 85.18 கோடிக் கோழியினப் பறவைகளுள் 53 கோடிக்கு மேற்பட்டவை வணிகப் பண்ணைகளைச் சார்ந்தவை. ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான பறவைகள் நெருங்கி வாழும்போது நோய், கழிவு, மருந்தின் எச்சம் ஆகிய மூன்றும் பண்ணையின் வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை. ஆகவே, அரசின் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது.

இது ஒரு துறையின் பொறுப்பு மட்டுமன்று. நோய்த்தடுப்பைக் கால்நடைப் பராமரிப்புத் துறையும், கழிவினால் நேரும் மாசினை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் தரத்தை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் கவனிக்கின்றனர். கொலிஸ்டின் என்பது கடும் தொற்றுகளில் மனிதருக்குக் கடைசிப் புகலாகும் மருந்து. உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தருவதற்காக அதனைத் தயாரிப்பதும் விற்பதும் 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டன. ஒரு லட்சத்திற்குக் குறைவான பறவைகளைக் கொண்ட பண்ணைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் இருந்த விலக்கினை மறுஆய்வு செய்யுமாறு 2020 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணித்தது. அதன் விளைவாக 2021-இல் வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டன.

எனினும், ஆய்வாளர் பண்ணைக்கு வருவது சில நாட்களே; பண்ணையாளரோ அன்றாடம் அங்கிருப்பவர். இந்த உண்மை நோய்த்தடுப்பில் தெளிவாகப் புலப்படுகிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்க 2009-இல் இயற்றப்பட்ட சட்டம், நோய் இருப்பதாகக் கருதும் உரிமையாளர் அதனைக் கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்கவேண்டும் எனக் கட்டாயமாக்கியது. ஆனால், இயற்றப்பட்டபோது அச்சட்டம் முதல் குற்றத்திற்கு விதித்த அபராதம் அதிக அளவாக 1,000 ரூபாயே. நோய் உறுதியானால் நலமாக உள்ள பறவைகளும் அழிக்கப்படும். இந்நிலையில், இருப்பதை விரைந்து விற்றுவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்வாறு விற்கப்படும் பறவைகளோடு நோயும் அடுத்த ஊருக்குச் செல்கிறது.

இதனைத் தடுப்பது அபராதத்தைவிட இழப்பீடே எனலாம். அழிக்கப்படும் பறவைகள், முட்டை, தீவனம் ஆகியவற்றிற்கான இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாக ஏற்கின்றன. நோயால் முன்னரே இறந்த பறவைகளுக்கு இழப்பீடு இல்லை. ஆதலின், விரைந்து அறிவிப்பவரே குறைந்த இழப்பை அடைவார். ஆனால் இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வந்தால்தான் இந்த ஏற்பாடு பயன் தரும். ஒருமுறை காத்திருந்து சலித்த பண்ணையாளர், மறுமுறை வாய் திறக்கத் தயங்குவார்.

எனவே, ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் குற்றம் காண்பவராக மட்டும் அமைதல் போதாது. இறப்புப் பதிவேட்டைப் பார்ப்பதோடு, அறிவித்தால் கிடைக்கும் உரிமைகளையும் அவர் எடுத்துரைக்கவேண்டும். பண்ணையாளரின் நம்பிக்கையைப் பெற்ற இடத்திலேயே சட்டம் நடைமுறையில் உயிர்பெறும்.