கூண்டுச் சிறுத்தை 'காட்டுச் சிறுத்தை' ஆவது எப்படி? ஜூவில் குளோஸ்-அப் போட்டோ எடுப்போர் கவனத்துக்கு!

கம்பி இல்லை, கூண்டு இல்லை, பின்னணியில் கும்மிருட்டு. நடுவில் ஒரு சிறுத்தையின் முகம் மட்டும். இப்படி ஒரு படம் எடுக்க காட்டுக்குள் போகவே வேண்டாம். உயிரியல் பூங்காவில் ஒரு மணி நேரப் பொறுமை, ஒரு செல்போன், கொஞ்சம் எடிட்டிங் இருந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது ஜூவா, காடா, நம்ம ஊர் கரும்புத் தோட்டமா என்று தெரியாது. அப்படியென்றால் நல்ல படமும் எடுக்கணும், வதந்திக்கும் காரணமாகக் கூடாது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அரூரில் இருந்து எங்கே போகலாம்?

அரூரில் இருந்து மஞ்சவாடி கணவாய் வழியாக சேலம் சுமார் 60 கி.மீ. அங்கே ஏற்காடு மலையடிவாரத்தில் இருக்கிறது குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. புள்ளிமான், கடமான், மயில், முதலை என்று குளோஸ்-அப் பழகுவதற்கு ஏற்ற இடம்.

தர்மபுரி மாவட்டத்துக்குள்ளேயே என்றால் ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைப் பண்ணை உண்டு. முதலை மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் என்பதால், புதிதாக போட்டோ எடுப்பவர்களுக்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது.

புலி, சிங்கம் வேண்டுமென்றால் சென்னை வண்டலூர். 1855-ல் மெட்ராஸில் தொடங்கிய உயிரியல் பூங்காதான் 1985-ல் வண்டலூருக்கு மாறியது. அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கம்பியை 'மறைய' வைப்பது எப்படி?

ஜூ போட்டோவில் முதல் எதிரி கம்பி வலைதான். அதை எடிட்டிங்கில் அழிப்பதைவிட, எடுக்கும்போதே மறைப்பது சுலபம்.

* பார்வையாளர் தடுப்பைத் தாண்டாமல், வலைக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போங்கள்.
* விலங்கு வலையை விட்டு உள்ளே தள்ளிப் போகும் வரை காத்திருங்கள்.
* போனில் 2எக்ஸ், 3எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கேமராவில் என்றால் அப்பர்ச்சர் எண்ணைக் குறைத்து வையுங்கள்.

இப்படி எடுத்தால் வலை மங்கிக் கரைந்துவிடும். வெயில் படும் கம்பி பளபளத்து படத்தைக் கெடுக்கும், நிழலில் இருக்கும் கம்பி தெரியாது. அதனால் நிழல் விழுந்த பக்கமாக நில்லுங்கள்.

கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸை கண்ணாடியை ஒட்டியபடி வைத்து, சுற்றிலும் கையாலோ கறுப்புத் துணியாலோ மறைத்தால் பிரதிபலிப்பு வராது.

வண்டலூரில் புலி போன்ற பெரிய விலங்குகளை அகழிக்கு இந்தப் பக்கம் நின்றும் பார்க்கலாம். அங்கே கம்பித் தொல்லை இல்லை, ஆனால் தூரம் அதிகம். ஆசைப்பட்டு டிஜிட்டல் ஜூமை இழுத்தால், ரோமம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் படத்தை அப்படியே எடுத்து, பிறகு க்ராப் செய்வது நல்லது.

உயிர் எங்கே இருக்கிறது? கண்ணில்!

முகப் படத்தில் மூக்கு மங்கினாலும் பரவாயில்லை, கண் மங்கக் கூடாது. திரையில் விலங்கின் கண் மீது விரலை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். குனிந்தோ உட்கார்ந்தோ அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள். மேலிருந்து எடுத்தால் முதுகுதான் பெரிதாகத் தெரியும்.

வெள்ளைப் புலி இருண்ட பின்னணியில் இருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கணும், கரடி வெளிச்சமான பின்னணியில் இருந்தால் கொஞ்சம் கூட்டணும். இல்லையென்றால் ஒன்று வெளுத்துவிடும், இன்னொன்று கறுப்புக் குவியலாகிவிடும்.

உச்சி வெயில் வேண்டாம். காலையில் திறந்ததும் போனால் வெளிச்சமும் இதமாக இருக்கும், விலங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும்.

போனின் போர்ட்ரெய்ட் மோடை நம்பாதீர்கள். அது மீசை ரோமத்தையும் காது நுனியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

எடிட்டிங்: எதுவரை போகலாம்?

ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற செயலிகள் போனிலேயே போதும். முதலில் க்ராப். அடுத்து, வலை வழியாக எடுத்ததால் வரும் வெளிறிய தோற்றத்தைப் போக்க கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து இருட்டாக்கினால் முகம் தனித்து நிற்கும். கண்ணுக்கு ஒரு துளி வெளிச்சம், அவ்வளவுதான்.

வண்ணம் ஒத்துவரவில்லையா? கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) கறுப்பு வெள்ளையில்தான் காட்டு விலங்குகளைப் படம்பிடித்தார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஏஐ மூலம் கம்பியை அழித்தால், கம்பி இருந்த இடத்தில் அந்தச் செயலி தானாகவே கோடும் புள்ளியும் வரைந்துவிடும். நம் கைரேகை மாதிரி, ஒவ்வொரு புலியின் வரியும், ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளி அமைப்பும் தனித்தனி. கேமரா பொறியில் பதியும் புலிகளை அதை வைத்துத்தான் அடையாளம் கண்டு கணக்கெடுக்கிறார்கள். ஏஐ கோடு போட்டால் அது உலகத்திலேயே இல்லாத ஒரு புலி!

இதையெல்லாம் செய்யவே கூடாது

கல் எறிவது, விசிலடிப்பது, கூண்டைத் தட்டுவது, 'இங்க பாரு' என்று கத்துவது, தின்பண்டம் போடுவது எல்லாமே குற்றம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 38ஜெ பிரிவு இதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

ஃப்ளாஷும் வேண்டாம். கண்ணாடியிலும் கம்பியிலும் பட்டு படம் கெடும், விலங்கும் மிரளும்.

செல்ஃபிக்காக தடுப்பு மேல் ஏறுவது உயிருக்கே ஆபத்து. 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் உயிரிழந்ததை நாடே பார்த்தது.

'ஜூவில் எடுத்தது' என்று ஏன் சொல்லணும்?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற வனவிலங்கு புகைப்படப் போட்டியில், 2009-ல் முதல் பரிசு வாங்கியது வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓர் ஓநாயின் படம். எடுத்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்த நடுவர்கள், 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். அவர் அதை மறுத்தார். பழக்கிய விலங்கைப் படம் எடுப்பதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் போட்டியின் விதி அதற்கு இடம் தரவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குப் போனது பரிசு. நம்ம ஊரில் போவது மக்களின் நிம்மதி. அரூர் சுற்றுவட்டாரத்தில் சித்தேரி, தீர்த்தமலை என்று மலையையும் காட்டையும் ஒட்டிய ஊர்கள் அதிகம். அங்கே 'சிறுத்தை நடமாட்டம்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தால், மறுநாள் ஆடு மேய்க்கப் போகிறவர் யோசிப்பார், பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்ப அம்மா பயப்படுவார். வனத்துறையினர் இல்லாத சிறுத்தையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இப்படியே நாலு முறை நடந்தால், உண்மையிலேயே சிறுத்தை வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், அதனுள் பதிவாகியிருக்கும் இடம், தேதி போன்ற விவரங்கள் நீங்கிவிடும். படத்தோடு எழுதிய வாசகத்தையும் ஃபார்வர்ட் செய்பவர் நீக்கிவிட முடியும். அதனால் 'வண்டலூர் பூங்கா' என்று இடத்தையும் தேதியையும் படத்தின் ஓரத்திலேயே சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள்.

உங்களுக்கே அப்படி ஒரு படம் வந்தால்? பகிர்வதற்கு முன் கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபார்வர்ட் பட்டனைத் தொடாமல் வனத்துறையிடம் கேளுங்கள்.