போர்ஷே 964: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு குட்டி பெல்ட்

1989 மாடலாக வந்த போர்ஷே 911 காரின் 964 வகையில், பின்புறம் அமர்ந்திருக்கும் 3.6 லிட்டர் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர்கள். ஸ்பார்க் பிளக்குகளோ பன்னிரண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு இடங்களில் பொறி விழுவதால் எரிபொருள் வேகமாகவும் சீராகவும் எரிகிறது.

இதற்காகவே, பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஒரே கூட்டுக்குள் இரண்டு. முதலாவதை எஞ்சின் பற்சக்கரத்தால் சுழற்றுகிறது. அதிலிருந்து இரண்டாவதற்குச் சுழற்சியைக் கடத்துவது ஒரு சிறிய பல் பெல்ட்.

ஆபத்து அங்கேதான்.

பொறி தாவும்போது உண்டாகும் ஓசோன் வாயு கூட்டுக்குள் தேங்கி, வெப்பத்தோடு சேர்ந்து ரப்பரை அரிக்கிறது. பெல்ட் அறுந்தால் இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டர் நின்றுவிடும், மின்சாரம் நிற்காது. அதன் பொறிகள் எல்லாம் ஒரே சிலிண்டருக்குப் போய், தவறான நேரத்தில் எரிபொருளைப் பற்றவைத்து, பிஸ்டனையே சிதைக்கக்கூடும். கார் தொடர்ந்து ஓடுவதால் ஓட்டுபவருக்கு இது தெரியாமலும் போகலாம். வாயுவை வெளியேற்றும் காற்றுக் குழாயை போர்ஷே பின்னர் சேர்த்தது.

பெல்ட்டை மாற்ற, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டும். பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுத்துத் தண்டை உருவினால்தான் புது பெல்ட் உள்ளே போகும். மூடும் முன் இரண்டு ரோட்டர்களின் நிலையையும் சரிபார்ப்பது அவசியம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டாவது ரோட்டரின் திசை பிசகிவிடும்.