வானவழி வந்த ரொட்டி

1942-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியரின் ஆறாவது சேனையை ருஷ்யப் படைகள் சுற்றி வளைத்துக்கொண்டபோது, உள்ளே அகப்பட்ட இரண்டரை லட்சம் பேருக்கும் வேண்டிய ரொட்டி, தோட்டா, பெட்ரோல் யாவற்றையும் ஆகாய மார்க்கமாகவே அனுப்பிவிடலாம் என்று விமானப்படைத் தலைவர் கோயரிங் ஹிட்லருக்கு வாக்களித்தார். அவ்வருஷத்தின் முற்பகுதியில் டெமியான்ஸ்க்கில் அகப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேரை அவ்விதம் போஷித்துக் காப்பாற்றியிருந்ததே இந்தத் தைரியத்துக்குக் காரணம். ஒரு முறை பலித்த உபாயத்தின்மேல் ராஜாங்கங்களுக்கும் மோகம் பிறந்துவிடுகிறது போலும்!

குறைந்தபட்சம் தினம் 300 டன்னாவது போய்ச் சேரவேண்டும். நெளித் தகட்டு உடலும் மூன்று எஞ்சின்களும் கொண்ட யுங்கர்ஸ் 52 விமானம் ஒன்று சுமப்பதோ ஏறக்குறைய இரண்டு டன். கடுங்குளிரில் உறைந்த எஞ்சினைச் சூடான காற்றை ஊதித்தான் கிளப்ப வேண்டும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். விமானிகளில் பலர் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து அவசரமாக அழைத்து வரப்பட்ட ஆசிரியர்கள். அவர்கள் மாண்டால் நாளைய விமானிகளுக்குக் கற்பிப்பவர் யார் என்பதை மேலிடத்தார் யோசித்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் 24-ந் தேதி, இந்த விமானங்கள் புறப்படும் தட்சின்ஸ்காயா விமானத்தளத்துக்குள் ருஷ்ய டாங்கிகள் புகுந்துவிட, மூடுபனியிலும் குண்டுமாரியிலும் விமானங்கள் சில ஒன்றோடொன்று மோதி அழிய, மற்றவை தப்பிப் பறந்தன. ஜனவரியில், முற்றுகைக்குள் இருந்த விமானத்தளங்களான பிடோம்னிக்கும் பிறகு கும்ராக்கும் வீழ்ந்தன. சராசரியாகப் போய்ச் சேர்ந்தது நாளொன்றுக்கு 100 டன் சொச்சமே. ஆயினும் திரும்பிய விமானங்கள் காயமுற்றோர் பல்லாயிரவரை மீட்டுவந்தன. எஞ்சிய சேனை 1943 பிப்ரவரி 2-ந் தேதிக்குள் சரணடைந்தது.