மனு போதாது, வழக்குரிமை வேண்டும்

அரசை ஏமாற்றும் மோசடியில் ஒரு விசித்திரம் உண்டு. பணத்தைப் பறிகொடுத்தவருக்குப் பறிபோனதே தெரியாது. போடாத சாலைக்கும் தரமற்ற மருந்துக்கும் பில் வருகிறது. கையெழுத்துகள் சரியாக இருக்கின்றன. கருவூலத்திலிருந்து பணம் போய்விடுகிறது. உண்மை தெரிந்தவர் பெரும்பாலும் பில் அனுப்பிய நிறுவனத்துக்குள்ளேயே இருப்பார்: ஒரு கணக்காளர், ஒரு தரப் பரிசோதகர், ஒரு பொறியாளர். அவர் வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் விஷயம் வெளியே வராது. ஆகவே, ஊழலை அம்பலப்படுத்துவோருக்கான எந்தச் சட்டத்தையும் ஒரு கேள்வியை வைத்து எடைபோடலாம்: அவர் பேசிய பிறகு, அந்தப் புகாரை நகர்த்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அமெரிக்கா அந்த அதிகாரத்தில் ஒரு பங்கை அவருக்கே கொடுத்தது. இந்தியா அதை முழுவதுமாக அதிகாரிகளிடமே வைத்துக்கொண்டது.

அமெரிக்காவின் பொய்க் கோரிக்கைகள் சட்டம் போர்க்களத்தில் பிறந்தது. உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குச் சரக்கு விற்ற ஒப்பந்ததாரர்கள் வெடிமருந்தில் மரத்தூளைக் கலந்தார்கள்; நோய்பிடித்த கோவேறு கழுதைகளைத் தலையில் கட்டினார்கள். 1863-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், அரசின் சார்பில் எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம் என்றது. வசூலாகும் தொகையில் பாதி அவருக்கு. 1943-இல் இதில் கைவைத்தார்கள். அரசு ஏற்கெனவே போட்ட குற்றப்பத்திரிகையைப் பார்த்து எழுதி, பங்கு கேட்டுச் சிலர் வழக்குப் போட்டதுதான் காரணம். கோபம் நியாயமானது, ஆனால் வைத்தியம் அளவு மீறியது: பங்கைக் குறைத்ததோடு, அரசுக்கு முன்பே தெரிந்த தகவல் என்றால் வழக்கே செல்லாது என்றும் ஆக்கினார்கள். மருத்துவ உதவித் திட்டத்தில் நடந்த மோசடியைக் கண்டுபிடித்த விஸ்கான்சின் மாநிலத்தின் வழக்கே, அதை மத்திய அரசிடம் முன்னதாகத் தெரிவித்துவிட்டது என்பதற்காக 1984-இல் தள்ளுபடியானது. நாற்பதாண்டுகளுக்கு மேல் சட்டம் ஏட்டளவில் கிடந்தது.

1986-இல் செனட்டர் சக் கிராஸ்லியும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஹோவர்ட் பெர்மனும் முன்னின்று அதற்கு உயிர் கொடுத்தார்கள். மோசடி செய்தவர் இழப்பைப்போல் மூன்று மடங்கு கட்ட வேண்டும். அரசு வழக்கை ஏற்று நடத்தினால் தகவல் தந்தவருக்கு 15 முதல் 25 சதவீதம்; அரசு ஒதுங்கி அவரே நடத்தி வென்றால் 25 முதல் 30 சதவீதம். பழிவாங்கி வேலையை விட்டு நீக்கினால் மீண்டும் வேலை, இழந்த சம்பளத்தைப்போல் இரு மடங்கு. விளைவு எண்களில் தெரிகிறது. 1987 நிதியாண்டில் இப்படிப் பதிவான வழக்குகள் 30, 2024-இல் 979. அந்த ஒரே ஆண்டில் இச்சட்டத்தின் கீழ் வந்த தொகை 290 கோடி டாலரைத் தாண்டியது. அதில் சுமார் 240 கோடி, தனிநபர்கள் தொடங்கிய வழக்குகளால் கிடைத்தது. வழக்குரிமையைச் சுருக்கியபோது சட்டம் முடங்கியது, விரித்தபோது எழுந்தது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டு இந்தியப் பொறியாளர்களின் கதையை அருகருகே வைத்தால் இன்னும் விளங்கும். ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த தினேஷ் தாக்கூர், பரிசோதனைத் தரவுகள் புனையப்படுவதை அறிந்து, 2005-இல் பதவி விலகினார். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்குத் தகவல் கொடுத்தார். பின்னர் அந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தார். 2013-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது, தாக்கூருக்கு 4.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்த சத்யேந்திர துபே தன் சொந்த அரசை நம்பினார். முறைகேடுகளைப் பட்டியலிட்டு, பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டு, பிரதமருக்கு எழுதினார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்றது மத்திய புலனாய்வுத் துறை. அதை ஏற்றாலும், ரகசியம் கேட்டவரின் பெயர் காக்கப்படவில்லை என்ற உண்மை மாறாது.

அந்தச் சாவு கிளப்பிய கொந்தளிப்பில், 2004-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் தர வழிசெய்யும் அரசுத் தீர்மானம் வந்தது. 2014 மே மாதம் ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆனால் நடைமுறைக்கு வரும் தேதியை அரசிதழில் அறிவிக்க வேண்டியது மத்திய அரசு. அந்த அறிவிப்பு வரவே இல்லை. நாளையே வந்தாலும் குறை தீராது. அச்சட்டத்தின் குறி அரசு ஊழியரின் ஊழல். பொய் பில் போடும் தனியார் ஒப்பந்ததாரர் அதன் மையத்தில் இல்லை. வெகுமதி கிடையாது. விசாரணை முடிந்தாலும் பரிந்துரைதான்; முடிவெடுப்பது பெரும்பாலும் புகாருக்கு உள்ளான துறையேதான்.

காசுக்காகக் காட்டிக்கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்திய அரசுக்கே அந்தக் கூச்சம் இல்லை: வருமான வரி ஏய்ப்பைச் சொல்பவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை, வெளிநாட்டுக் கறுப்புப் பணத்தைச் சொல்பவருக்கு 5 கோடி ரூபாய் வரை தரும் திட்டத்தை 2018-இல் அதுவே அறிவித்தது. வரி ஏய்ப்புக்குச் சரியான கொள்கை, கொள்முதல் மோசடிக்கு மட்டும் எப்படித் தவறாகும்? பரிசு ஆசையில் ஊழியர்கள் மேலதிகாரியிடம் சொல்லாமல் நேரே நீதிமன்றம் ஓடுவார்கள் என்பது அடுத்த அச்சம். மருந்து நிறுவனங்களுக்கு எதிராகப் புகார் தந்தவர்களைப் பற்றி 2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நிறுவனத்துக்குள் இருந்த 22 பேரில் 18 பேர் முதலில் உள்ளேயே சரிசெய்ய முயன்றவர்கள். கதவு சாத்தப்பட்ட பிறகே வெளியே வந்தார்கள்.

பொய் வழக்குகள் பெருகும் என்ற கவலையை எளிதில் ஒதுக்க முடியாது. இத்தகைய வழக்குமுறை பிறந்த பிரிட்டனே, தொழிலாகத் தகவல் சொல்லிப் பிழைத்தவர்களால் சலித்து 1951-இல் அதை ஒழித்தது. தனிமனிதர் அரசின் பெயரில் வழக்காடுவது அரசியலமைப்புக்கே முரண் என்று 2024-இல் புளோரிடாவில் ஒரு மத்திய நீதிபதி தீர்ப்பளித்து, விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் தடுப்புகள் இருக்கின்றன. ஆதாரத்தை முதலில் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். குறைந்தது 60 நாள் வழக்கு ரகசியமாக இருக்கும். சாரமில்லை என்றால் தள்ளுபடி கோர அரசுக்கு வழி உண்டு. வீண் வழக்கென்று தெரிந்தால் எதிர்த்தரப்பின் செலவைத் தொடுத்தவர் தலையில் நீதிமன்றம் சுமத்தலாம். மோசடியில் பங்கேற்றுத் தண்டனை பெற்றவருக்கு ஒரு காசும் கிடையாது. நம் நீதிமன்றங்களின் தாமதத்தைக் கணக்கில் எடுத்தால், இந்தத் தடுப்புகள் இங்கே இன்னும் இறுக்கமாக இருக்கலாம். அதற்காக உரிமையையே மறுக்க வேண்டியதில்லை.

2014 சட்டத்தை அறிவிப்பது அரசு உடனே செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை. அதோடு நின்றால், புகார் மறுபடியும் ஓர் அதிகாரியின் மேசையில் அவருடைய மனநிலைக்காகக் காத்திருக்கும். பொதுப் பணத்தைத் திருடும் ஒப்பந்ததாரர் மீது, திருட்டை அறிந்தவரே வழக்குத் தொடரவும் மீட்ட தொகையில் பங்கு பெறவும் உரிமை தரும் பிரிவு சேர வேண்டும். வேலையையும் எதிர்காலத்தையும் பணயம் வைப்பவருக்கு அந்தப் பங்கு இழப்பீடு; அரசுக்கோ, அவர் பேசாமல் இருந்திருந்தால் வந்தே இருக்காத பணத்திலிருந்து தரும் சிறு கழிவு.